முதல் டிஎஸ்எல்ஆருக்கு எந்த ஜூம் லென்ஸ்? கூத்துக்களம் முதல் ஒகேனக்கல் வரை ஓர் ஒப்பீடு

அக்காள் மகன் பென்னாகரத்திலிருந்து அழைத்தான். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து கேனான் 1500டி கேமராவின் பாடியை மட்டும் வாங்கிவிட்டானாம். "லென்ஸ் இல்லை மாமா. கடையில் நான்கு வகை காட்டுகிறார்கள். எத்தனை மடங்கு ஜூம் வாங்கட்டும்?"

தருமபுரிப் பக்கம் படம் எடுக்கிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறையாவது வீட்டுக்கு வரும். பதில் சொல்லும் முன் கேள்வியைத் திருத்த வேண்டியிருக்கிறது. "எத்தனை மடங்கு" என்பது விற்பவருக்கு வசதியான எண். லென்ஸின் பெயரில் இருக்கும் இரண்டு எண்கள் அதன் அகல முனையும் நீண்ட முனையும், மி.மீ. கணக்கில். 18-55 லென்ஸ் மூன்று மடங்கு, 18-200 பதினொரு மடங்கு. 55-250 வெறும் நான்கரை மடங்குதான். ஆனால் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவருவதில் அந்த நான்கரை மடங்கு, பதினொரு மடங்கைத் தோற்கடித்துவிடும். மடங்கு என்பது பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்த கணக்கு, அவ்வளவுதான். எத்தனை அடி தள்ளி நிற்கப் போகிறீர்கள், எந்த நேரத்து வெளிச்சத்தில் நிற்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் சொல்லுங்கள், லென்ஸைச் சொல்லிவிடலாம்.

அளவுகோல்கள்

முதலாவது தூரம். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 1500டி போன்ற கேனான் கேமராக்களில் படம் பதியும் சில்லான சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. நிற்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து, 22.3-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், படத்தில் எத்தனை மீட்டர் அகலம் விழும் என்பது கிடைத்துவிடும். நிக்கான் என்றால் 22.3-க்குப் பதில் 23.5.

கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாவில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள், காளை 30 மீட்டரில் ஓடிவருகிறது என்று வையுங்கள். 55 மி.மீ.யில் 12 மீட்டர் அகலம் விழும். அதில் காளை ஒரு மூலைக்குத்தான் காணும், மீதி முழுவதும் கூட்டம். 135-இல் 5 மீட்டர். 250-இல் 2.7 மீட்டர், காளை சட்டகத்தை நிறைத்துவிடும். இதே கணக்கை வீட்டுக்குள் போட்டால் கதை தலைகீழ். நான்கு மீட்டர் தள்ளி நின்று, மணவறையில் இருக்கும் பத்துப் பேரையும் எடுக்க வேண்டுமென்றால் 18 மி.மீ. கொடுக்கும் 5 மீட்டர் அகலம் வேண்டும். 55-இல் ஒன்றரை மீட்டர்தான் விழும். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் இருப்பார்கள், மாமனார் கோபித்துக்கொள்வார்.

இரண்டாவது வெளிச்சம். இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள், நான் உட்பட. பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்துப் பாரதக் கூத்து. நள்ளிரவு தாண்டி துரியோதனன் வேடக்காரர் சுழன்று ஆடுகிறார். இரண்டு குழல்விளக்குகளும் ஒரு வெள்ளை எல்இடி விளக்கும்தான் வெளிச்சம். 18-135 லென்ஸை 135-இல் வைத்திருந்தேன். அந்த முனையில் அதன் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). சென்சாரின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/60 நொடிதான் கிடைத்தது. திரையில் பார்த்தால் பின்னாலிருந்த ஓலைத்தட்டி துல்லியமாக இருக்கிறது, தோளணியான புஜக்கட்டைகள் இரண்டும் வெள்ளைப் புகையாக இழுபட்டிருக்கின்றன. லென்ஸிலிருந்த நடுக்கம் தடுக்கும் வசதி என் கையைத்தான் நிறுத்தியது, அவர் கையை நிறுத்தவில்லை. எஃப் 2.8 லென்ஸ் ஒன்று கையில் இருந்திருந்தால் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வந்திருக்கும். 1/60 என்பது 1/250 ஆகியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான இடம் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில். மேல்விதானத்தில் பழைய ஓவியங்கள், உள்ளே மங்கலான வெளிச்சம். அனுமதி கிடைத்தாலும் ஃபிளாஷ் போடக்கூடாது, சாயத்துக்குக் கேடு. ஆனால் ஓவியம் அசைவதில்லை. நடுக்கம் தடுக்கும் வசதியுள்ள மலிவான 18-55 லென்ஸை 18-இல் வைத்து, தூணில் தோளைச் சாய்த்து மூச்சை அடக்கினால் 1/8 நொடியில்கூடத் தெளிவான படம் வந்துவிடும். இருட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆடும் ஆளுக்கு அப்பர்ச்சர் வேண்டும், அசையாத சுவருக்கு நடுக்கம் தடுக்கும் வசதி (கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர் என்று பெயர்) போதும். உங்கள் இருட்டு எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் விலை கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, லென்ஸ் மாற்ற வசதி உண்டா என்பது. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் ஆடுமாடு கிளப்பும் புழுதியில் நின்று பாடியின் வாயைத் திறந்தால் சென்சாரில் தூசி குடியேறும். 1500டி போன்ற ஆரம்ப நிலை பாடிகளில் சென்சாரைத் தானே உதறிச் சுத்தம் செய்துகொள்ளும் அமைப்பு கிடையாது. ஒகேனக்கல் பரிசலில் சாரல் அடிக்கும்போது லென்ஸ் மாற்றலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

எடையும் மறைமுகச் செலவும் மீதி. அவற்றை அந்தந்த லென்ஸோடு சொல்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே: கடைக்காரர் சொல்லும் விலையில் ஃபில்டர் இருக்காது. கேனானின் இந்த வகை லென்ஸ்களோடு பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் ஹுட்டும் வராது.

18-55: பெட்டியோடு வரும் லென்ஸ்

ஏளனம் செய்வதற்கென்றே பிறந்த லென்ஸ் போல எல்லாரும் பேசுகிறார்கள். சுமார் 200 கிராம்தான் எடை, கழுத்தில் தொங்குவதே தெரியாது. பழைய சந்தையில் மிக மலிவாகக் கிடைப்பதும் இதுதான், ஏனென்றால் வாங்கியவர்களில் பாதிப்பேர் இதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள்.

25 செ.மீ. வரை நெருங்கி ஃபோக்கஸ் செய்யும். தை, மாசியில் மாந்தோப்புக்குள் போய்ப் பூங்கொத்தை எடுக்க இது தாராளம். நடுகல் எடுப்பவர்களுக்கும் இதுவே சரி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஏரிக்கரை, வயல்வரப்பு என்று எங்கு திரும்பினாலும் நடுகல் இருக்கிறது. எழுத்து தெரிய வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கு முன் சாய்வெயிலில் போங்கள், லென்ஸை 35-க்கும் 50-க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். 18-இல் வைத்து நெருங்கினால் கல்லின் விளிம்பு வில்லாக வளைந்துவிடும்.

குறை என்ன? தூரம் போகாது. இருட்டில், 55 முனையில், கூத்தாடி நிற்கமாட்டார். ஆனால் அகல முனையில் இதன் பெரும்பாலான வகைகள் எஃப் 3.5 வரை திறக்கும். விலை உயர்ந்த 2.8 லென்ஸுக்கும் இதற்கும் அங்கே பெரிய இடைவெளி இல்லை. ஆகவே இந்த லென்ஸ் வைத்திருப்பவர்கள் கூத்துக்குச் சீக்கிரம் போய் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். செலவில்லாத வழி.

வாங்கும்போது பெயரை முழுவதும் படியுங்கள். ஐஎஸ் என்ற எழுத்து இல்லாத 18-55-ம் சந்தையில் உண்டு, அதை விடுங்கள். 'ஐஎஸ் 2' என்ற வகையில் ஃபோக்கஸ் ஆகும்போது முன்கண்ணாடி சுழலும். ஒகேனக்கல்லில் பாறையின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் மாட்டினால் ஒவ்வொரு முறையும் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். எஸ்டிஎம் (ஃபோக்கஸ் மோட்டாரின் பெயர்) வகையில் அந்தத் தொல்லை இல்லை. விலை சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள்.

18-55 உடன் 55-250: இரட்டைக் குதிரை

தூரமும் வேண்டும், காசும் அளவாகத்தான் இருக்கிறது என்பவர்களுக்கு. கேனான் 55-250 எஸ்டிஎம் 375 கிராம். இரண்டு லென்ஸுக்கும் ஃபில்டர் அளவு 58 மி.மீ. என்பதால் ஒரே போலரைசர் இரண்டுக்கும் பொருந்தும். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு நல்ல ஃபில்டரின் விலை மிச்சம்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஆறு மீட்டர் அகலச் சட்டகத்தில் ஒரு யானையை அடக்க வேண்டுமானால், 55-இல் நீங்கள் அதிலிருந்து சுமார் 15 மீட்டரில் நிற்க வேண்டும். 250-இல் 67 மீட்டர் தள்ளி, வண்டிக்குள்ளிருந்தே எடுக்கலாம். 2014-இல் காவிரி வடக்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டை ஒட்டிய சாலைகள் அவை. 15 மீட்டரில் யானை நிற்கும்போது யோசிக்க வேண்டியது படத்தைப் பற்றி அல்ல.

பறவைக்கு என்று கேட்பவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது ஆரம்பம் மட்டுமே. பாரூர் ஏரிக்கரையில் 15 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தி 250-இல் சட்டகத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் வரும். 24 மெகாபிக்சலில் வெட்டி எடுத்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

மறைமுகச் செலவு, மாற்றும் நேரம். காளை வாடிவாசலை விட்டு வந்த பிறகு லென்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தால் அது போய்ச் சேர்ந்துவிட்டிருக்கும். சென்சார் சுத்தம் செய்யும் கூலியையும் ஆண்டுக்கு ஒரு முறை கணக்கில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இரட்டை லென்ஸ் பெட்டிகளில் 55-250-க்குப் பதிலாக 75-300 வைத்து விற்பதுண்டு. 300 பெரிது என்று மயங்க வேண்டாம். அதில் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லை. 300-இல் கையில் பிடித்து எடுக்க 1/500 நொடியாவது வேண்டும், அது உச்சி வெயிலில்தான் சுலபமாகக் கிடைக்கும். நிக்கானின் ஏஎஃப்-பி 70-300 லென்ஸும் விஆர் உள்ளது, இல்லாதது என இரண்டு வகையாக வருகிறது. பெயரில் விஆர் இருக்கிறதா என்று பாருங்கள்.

18-135 அல்லது 18-140: ஒரே லென்ஸில் குடித்தனம்

கேனானில் 18-135, நிக்கானில் 18-140. எடை முறையே 480, 490 கிராம். இரண்டுக்கும் ஃபில்டர் 67 மி.மீ.

கூத்தில் என்னைக் கைவிட்டதும் இதுதான், ஒகேனக்கல்லில் காப்பாற்றியதும் இதுதான். பரிசல் பாறைச்சுவர்களுக்கு நடுவே திரும்பும்போது 18-இல் இரண்டு சுவரும் விழுந்தன. அடுத்த நிமிடம் தூரத்துப் பாறையில் மீன் வறுக்கும் அம்மாவின் முகம் 135-இல். நடுவில் துணியால் சாரலைத் துடைத்ததைத் தவிர கையை எடுக்கவே இல்லை. பரிசல்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், கொஞ்சம் கண்ணாலும் பாருங்கள்" என்றார்.

பயணம், குடும்பம், சந்தை, பகல்நேரத் திருவிழா எல்லாவற்றுக்கும் பொருந்தும். பாரதக் கூத்தின் கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி மொய்க்கும் கூட்டத்தில் பின்னால் நகர இடமிருக்காது, லென்ஸ் மாற்றவும் கை அசையாது. அங்கே இதற்கு ஈடில்லை.

விலை, 18-55-ஐவிட நன்றாகவே கூடுதல். பழையதாக வாங்கினால் இரட்டை லென்ஸின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகையால் இவை இரண்டுக்கும் நடுவே முடிவு செய்வது பணம் அல்ல, 135-க்கு மேல் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதுதான்.

18-200-உம் அதற்கு மேலும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதன்மேல் பெரிய பிரியம் இல்லை. டாம்ரான் 18-200 விசி (நடுக்கம் தடுக்கும் வசதிக்கு அவர்கள் வைத்த பெயர்) 400 கிராம்தான், சுமக்க இதம். ஆனால் நீண்ட முனையில் அப்பர்ச்சர் 6.3, கூத்துக்குப் போனால் 5.6-ஐவிட இன்னும் மோசம். ஓரங்களில் கூர்மை குறையும். இப்படி நீளும் லென்ஸ்களில் பழையதாகிவிட்டவை சில, தொங்கவிட்டால் தாமாகவே கீழே நழுவி நீளும். தீர்த்தமலைப் படியில் இறங்கும்போது முழங்காலில் இடிக்கும். பணியிட மாறுதலில் ஊர் ஊராகப் போகிறவர், ஒரே லென்ஸ், பகல் வெளிச்சம் மட்டும் என்றால் வாங்கலாம்.

17-50 எஃப் 2.8: இருட்டுக்குப் பிறந்தது

சிக்மா, டாம்ரான் இரண்டிலும் உண்டு. எந்த முனையில் வைத்தாலும் அப்பர்ச்சர் 2.8 வரை திறக்கும் என்பதே இதன் பெருமை. கூத்து, மயானக்கொள்ளை இரவு, மின்சாரம் போய் வரும் கல்யாண மண்டபம் என்று காசுக்காகவும் படமெடுக்க நினைப்பவர் முதலிலேயே இதற்குப் போய்விடலாம்.

ஆனால் சிக்மா 17-50 565 கிராம், 1500டி பாடியே பேட்டரியோடு 475 கிராம்தான். லென்ஸ் பாடியைவிடக் கனம் என்பதால் முன்பக்கம் கவிழ்ந்துகொண்டே இருக்கும். ஃபில்டர் 77 மி.மீ., அந்த அளவில் விலையும் ஏறும். தூரமோ 18-55 அளவுகூட இல்லை. முழுக்கத் திறந்தால் ஃபோக்கஸ் ஆழம் குறைந்து, மூக்கு தெளிவாகவும் காது மங்கலாகவும் வரும். பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

ஜூமே வேண்டாமென்றால் 50 மி.மீ. எஃப் 1.8 என்ற சின்ன லென்ஸ் இருக்கிறது. எஸ்டிஎம் வகை சுமார் 160 கிராம். 18-55-உடன் இதைச் சேர்த்தால் இருட்டுக்கும் வழி பிறக்கும், 17-50-இன் விலையும் ஆகாது. நகர்ந்து நகர்ந்து எடுக்கக் கால் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே பார்வையில்

| தேர்வு | 30 மீட்டரில் விழும் அகலம் (நீண்ட முனை) | அந்த முனையில் அப்பர்ச்சர் | எடை | ஃபில்டர் | எங்கே கைகொடுக்கும் |
|---|---|---|---|---|---|
| கேனான் 18-55 | 12 மீ. | எஃப் 5.6 | 200 கிராம் | 58 மி.மீ. | வீடு, தோப்பு, நடுகல், கோயில் |
| 18-55, 55-250 | 2.7 மீ. | எஃப் 5.6 | 575 கிராம் | இரண்டும் 58 மி.மீ. | காடு, எருது விடும் விழா, ஏரி |
| கேனான் 18-135 | 5 மீ. | எஃப் 5.6 | 480 கிராம் | 67 மி.மீ. | பரிசல், சந்தை, படுகளம் |
| டாம்ரான் 18-200 | 3.3 மீ. | எஃப் 6.3 | 400 கிராம் | 62 மி.மீ. | பகல்நேரப் பயணம் |
| சிக்மா 17-50 | 13 மீ. | எஃப் 2.8 | 565 கிராம் | 77 மி.மீ. | இரவுக் கூத்து, மண்டபம் |

பொருந்துமா, பழையதா?

நிக்கான் வைத்திருப்பவர்கள் கவனிக்க: டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோக்கஸ் மோட்டார் இல்லை. தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவு என்று வாங்கினால் கையால்தான் திருப்ப வேண்டும். புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி3100, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஃபோக்கஸ் ஆகவே ஆகாது, கையாலும் முடியாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் என்றால் கவலை இல்லை. கேனானில் 1500டி போன்ற கேமராக்களுக்கான இஎஃப்-எஸ் லென்ஸ்கள், பெரிய சென்சார் கொண்ட ஃபுல்-ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டாது. பின்னாளில் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போனால் அடாப்டர் வைத்து இவற்றையே தொடரலாம்.

நிறுவனங்களின் கவனம் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் பழைய சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கி.மீ.தான், நேரில் போய்ப் பார்த்து வாங்குவதே நல்லது. என் 18-135 பழையது. கடையில் வெளிப்பக்கம் பளபளவென்று இருந்ததைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்த கூலி, லென்ஸுக்குக் கொடுத்ததில் கிட்டத்தட்டப் பாதி. "பார்த்து வாங்கியிருக்க வேண்டும் சார்" என்றார் கடைக்காரர். அதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

ஆகவே டார்ச் அடித்துப் பாருங்கள். ஜூம் வளையத்தை இரண்டு முனைக்கும் திருப்பி, எங்காவது சிக்குகிறதா என்று கவனியுங்கள். உங்கள் பாடியையே கொண்டுபோய், நீண்ட முனையில் முழுக்கத் திறந்து ஒரு காலண்டரைப் படமெடுத்து, நான்கு ஓரத்து எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஓர் ஓரம் மட்டும் மங்கியிருந்தால் அந்த லென்ஸ் ஒரு முறை கீழே விழுந்திருக்கலாம். வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

யாருக்கு எதைச் சொல்வேன்?

என்ன எடுக்கப் போகிறோம் என்றே இன்னும் தெரியாதவருக்கு, பழைய 18-55 எஸ்டிஎம். ஆறு மாதம் கழித்து எடுத்த படங்களின் விவரங்களைத் திறந்து, எத்தனை மி.மீ.யில் எடுத்தோம் என்று பார்த்தால் அடுத்த லென்ஸ் எதுவென்று தானே தெரியும். பாதிக்கு மேல் 55 என்று இருந்தால் 55-250. பெரும்பாலும் 18-ஆகவே இருந்து, ஐஎஸ்ஓ எண்கள் எல்லாம் ஆயிரங்களில் இருந்தால் 17-50. காட்டுக்கும் எருது விடும் விழாவுக்கும் போவது உறுதி என்றால் காத்திருக்காமல் இரட்டை லென்ஸ். சாரலும் புழுதியும்தான் உங்கள் ஊர் என்றால் 18-135.

அக்காள் மகன் 18-55 வாங்கினான். ஊர்க் கூத்தில் முன்வரிசைப் பாயைப் பிடித்து இரண்டு இரவு உட்கார்ந்திருக்கிறான். படங்களைத் திறந்து பார்த்தோம். முக்கால்வாசி 18-க்கும் 24-க்கும் நடுவில். அடுத்தது 17-50தான் என்று குதிக்கிறான். அதே கேமராவை அவன் இல்லாத நேரத்தில் ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகும் அவன் தங்கையின் படங்கள் எல்லாமே 55, நடுவில் புள்ளியாக ஒரு கொக்கு. 55-250 வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். பணம் கொடுக்கப் போகிற என் அக்காளோ, "இருக்கிற லென்ஸுக்கு என்னடா குறை?" என்று என்னிடமே கேட்கிறாள்.